டெல்ஃபியில் வாயு மட்டும்தானா இருந்தது?

பழைய கிரேக்கத்தில் ஜனங்கள் குறி கேட்கப் போன மலைக்கோயில் டெல்ஃபி. அதைப் பற்றி யார் எழுதினாலும் கீழே ஒருவர் வந்து, "அதெல்லாம் நிலத்தடி வாயு, குறி சொன்ன பெண்ணுக்கு மயக்கம், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுகிறார். நம் கோயில்களுக்கு அடியில் காந்தப்புலம் இருப்பதாக வாட்ஸப்பில் சுற்றும் செய்திக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது நம்புகிறவர் சொல்வது, இது நம்பாதவர் சொல்வது. அந்த மலைக்கு ஜனங்கள் ஏன் தலைமுறை தலைமுறையாக ஏறிப் போனார்கள் என்று இருவருமே கேட்பதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

வாயு விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். பர்னாசஸ் மலைச்சரிவில் இருக்கிறது டெல்ஃபி. கிரேக்கக் கடவுள்களுக்குத் தலைவரான சியூஸ் உலகின் இரண்டு முனைகளிலிருந்தும் கழுகுகளைப் பறக்கவிட்டாராம், அவை சந்தித்த இடம் இதுதானாம். அதனால் கிரேக்கர்களுக்கு அது பூமியின் தொப்புள். அங்கிருந்த அப்போலோ என்ற கடவுளின் கோயிலில் பித்தியா என்ற பெண் முக்காலியில் அமர்ந்து குறி சொன்னாள். 1892இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். பழைய நூல்கள் சொன்ன, வாயு கக்கும் பிளவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2001இல் வேறொரு குழு, கோயிலுக்கு அடியில் இரண்டு நிலப்பிளவுகள் குறுக்கிடுகின்றன, அங்குள்ள ஊற்று நீரில் மயக்கம் தரக்கூடிய எத்திலீன் வாயு இருக்கிறது என்று எழுதியது. அப்புறம் வந்தவர்கள், எத்திலீனைவிட மீத்தேனுக்கும் கரியமில வாயுவுக்கும்தான் வாய்ப்பு அதிகம் என்றார்கள். அந்தக் கோயிலிலேயே பூசாரியாக இருந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கும், எப்போதாவது உள்ளிருந்து நறுமணம் வரும் என்று குறித்திருக்கிறார். சரி, வாயு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

அதே புளூட்டார்க் சொல்லும் இன்னொரு விஷயத்தை யாரும் பகிர்வதில்லை. குறி கேட்பதற்கு முன் ஒரு ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பெல்லாம் நடுங்கினால்தான் தெய்வம் சம்மதம் தந்ததாகப் பொருள். நடுங்காவிட்டால் அன்று குறி கிடையாது, வந்தவர் யாராக இருந்தாலும் சரி. நம் ஊர்ப்பக்கம் கிடா வெட்டுக்கு முன் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, ஆடு துலுக்குகிறதா என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு தூதுக்குழு வந்தது. ஆடு அசையவில்லை. வந்தவர்களைத் திருப்தி செய்ய வேண்டும் என்று பூசாரிகள் ஆட்டின் மேல் தண்ணீரைக் கொட்டு கொட்டென்று கொட்டி எப்படியோ நடுங்க வைத்துவிட்டார்கள். பித்தியா மனமில்லாமல்தான் உள்ளே போனாள். குரல் கரகரத்தது. கடைசியில் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்து விழுந்தாள். பூசாரிகள் உட்பட எல்லோரும் பயந்து ஓடினார்கள். சில நாட்களில் அவள் இறந்துபோனாள். வாயுதான் காரணம் என்று இதற்கும் சொல்லலாம். ஆனால் புளூட்டார்க் இதைச் சொல்லும் விதத்தில், தெய்வம் மறுத்த நாளில் மனிதர்கள் வற்புறுத்திய தப்புதான் எனக்குத் தெரிகிறது. முடியாது என்று சொல்ல ஒரு இடத்துக்கு உரிமை இருந்தது. அந்த உரிமையை மீறிவிட்டார்கள்.

அடுத்து கி.மு. 480. பாரசீகப் படை வருகிறது. ஏதென்ஸ்காரர்கள் டெல்ஃபிக்கு ஆள் அனுப்புகிறார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்வதன்படி முதலில் கிடைத்த வாக்கு, ஊரைவிட்டு ஓடுங்கள் என்பது. வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. இதைவிட நல்ல வாக்கு கிடைக்காவிட்டால் இங்கேயே கிடந்து சாவோம் என்று மன்றாடினார்கள். இரண்டாவது வாக்கு, மரச்சுவர் மட்டும் அழியாது என்றது. ஊருக்குத் திரும்பியதும் பெரிய வாக்குவாதம். ஊருக்கு நடுவே இருந்த அக்ரோபொலிஸ் குன்றைச் சுற்றியிருந்த பழைய வேலிதான் மரச்சுவர் என்றார்கள் பெரியவர்களில் சிலர். கப்பல்கள்தான் என்றார் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்கிளீஸ். ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியன் சுரங்கத்து வெள்ளியை ஊருக்குப் பங்கு போடாமல் கப்பல் கட்டச் செலவிட வேண்டும் என்று முன்பே வாதாடி ஜெயித்தவர் அவர். ஊர் அவர் பக்கம் நின்றது, சலாமிஸ் கடலில் வென்றது. குன்றில் மர அரண் வைத்துக்கொண்டு தங்கியவர்களைப் பாரசீகர்கள் கொன்றார்கள். வாக்கு கோயிலில் கிடைத்தது. முடிவை ஊர் கூடித்தான் எடுத்தது. எந்த வாயுவால் இதை விளக்குவீர்கள்?

இன்னும் சந்தேகமிருந்தால் வடமேற்கு கிரேக்கத்தில் குறி கேட்கும் இன்னொரு இடமான டொடோனாவைப் பாருங்கள். அங்கே வாயுவைப் பற்றிய கதை கிடையாது. ஒரு கருவாலி மரமும் அதன் இலைச் சலசலப்பில் பேசும் சியூஸும்தான். ஜனங்கள் தங்கள் கேள்விகளை மெல்லிய ஈயத் தகட்டில் கீறிக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான தகடுகள் இன்றும் இருக்கின்றன. லிசானியாஸ் என்பவன், அன்னிலாவின் வயிற்றில் இருக்கும் குழந்தை என்னுடையதுதானா என்று கேட்கிறான். ஆகிஸ் என்பவனுக்குத் தொலைந்துபோன தன் போர்வைகளையும் தலையணைகளையும் வெளியாள் யாராவது திருடியிருப்பானா என்று தெரிய வேண்டும். புராணத் தலங்களின் ரகசியம் தேடுகிறவர்கள் தரையைத் தோண்டுவதற்கு முன் இந்தத் தகடுகளை ஒருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.