ஷெர்லாக் கையில் சிக்கிய டூரிங்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்கள் பாம்பன் வீட்டில் டிவிக்கு ஓய்வே கிடையாது. விசைப்படகெல்லாம் 61 நாள் கட்டிக் கிடக்கும். பெரியப்பாவும் நானும் திண்ணைக்கும் டிவிக்குமாக அலைவோம். இந்த முறை பென்டிரைவில் இரண்டு சரக்கு: 2010இல் பிபிசியில் வந்த ‘ஷெர்லாக்’ தொடரின் முதல் கதை ‘எ ஸ்டடி இன் பிங்க்’, அப்புறம் 2014இல் வந்த ‘தி இமிடேஷன் கேம்’. இரண்டிலும் நாயகன் பெனடிக்ட் கம்பர்பேட்ச். வம்பே அதில்தான்.

பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பு கோட்டு போட்ட பெண் செத்துக் கிடக்கிறாள். கோட்டில் ஈரம், தூக்கிவிட்ட காலருக்கு அடியிலும் ஈரம், பையில் இருக்கும் குடை மட்டும் காய்ந்திருக்கிறது. லண்டனிலோ மழை இல்லை. நான் நிறுத்தினேன். பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “வாடைக் காத்துல எவன்டா குடை விரிப்பான்? காத்து பலமா அடிச்ச ஊருலேர்ந்து வந்திருக்கா” என்றார். ஓட விட்டால் ஷெர்லாக் அதையேதான் சொல்கிறான், இன்னும் வேகமாக, இன்னும் திமிராக. அந்த ஊர் கார்டிஃப்.

இதைத்தான் நேர்மையான துப்பறியும் கதை என்பேன். தடயத்தை நம் கண்முன் வைத்துவிட்டுத்தான் விடையைச் சொல்கிறது. கடைசியில் டாக்ஸிக்காரர் இரண்டு மாத்திரையை நீட்டும் இடம் எனக்கு இழுவைதான். ஆனால் யார் கண்ணிலும் படாத ஆள் டாக்ஸிக்காரர் என்ற யோசனை அருமை. (எங்கள் ஊரில் செல்லாது. ஆட்டோக்காரருக்கு நம் தாத்தா பேர் வரை தெரியும்.)

சரி, படத்துக்கு வருவோம். ஆலன் டூரிங் கணித மேதை, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் செய்தி அனுப்பிய எனிக்மா சங்கேதத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர். படத்தில் அவரும் அதே ஷெர்லாக்தான்: யாரோடும் ஒட்டாதவர், தனியாளாக இயந்திரம் கட்டுகிறவர். அந்த இயந்திரம் பல காலம் வீணாய்ச் சுற்றுகிறது. ஒருநாள் மதுக்கடைப் பேச்சில் பொறி தட்டுகிறது: எதிரியின் வானிலைச் செய்தியில் தினமும் ஒரே வார்த்தைகள் வருமே!

கடற்கரைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். “மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக் காற்று வீசக்கூடும், மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்.” இதை எந்தச் சங்கேதத்தில் அனுப்பினாலும் எங்கள் தெருவில் பாதிப் பேர் உடைத்துவிடுவார்கள். ஆனால் உண்மையில் இப்படி ஊகித்த சொற்களை வைத்துத் தேடுவதற்கென்றே வடிவமைத்ததுதான் டூரிங்கின் இயந்திரம். முதல் இயந்திரம் 1940 மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதன் பெயரும் ‘விக்டரி’, படம் சொல்வதுபோல் ‘கிறிஸ்டோபர்’ அல்ல. அதை மேம்படுத்திய கார்டன் வெல்ச்மன் படத்தில் இல்லவே இல்லை. 1932லேயே எனிக்மாவை உடைத்த போலந்துக்காரர்கள் ஒரு வசனத்தில் வந்து போகிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது டெனிஸ்டன் விஷயத்தில். போருக்கு முன்பே டூரிங் போன்றவர்களைத் தேடிச் சேர்த்த அதிகாரி அவர். படத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் வில்லன். பக்கத்து ராமேஸ்வரத்துக் கலாமை வைத்து யோசித்துப் பாருங்கள். 1979இல் எஸ்எல்வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். மறு வருடம் ஜெயித்ததும் பத்திரிகைக்காரர்கள் முன் கலாமை அனுப்பினார். அந்தத் தவானை வில்லனாக்கி, கலாம் ஒற்றை ஆளாய் ராக்கெட் விட்டார் என்று படமெடுத்தால் இந்தத் தீவில் ஒரு காட்சி ஓடுமா?

கம்பர்பேட்ச்சைக் குறை சொல்ல மாட்டேன். தன்பாலின உறவுக்காக 1952இல் தண்டனை, ஹார்மோன் ஊசி, கை நடுக்கம். அந்தக் கடைசிக் காட்சிகளில் ஷெர்லாக்கின் சாயல் துளியும் இல்லை. 1954இல் 41 வயதில் இறந்தார் என்று எழுத்து ஓடியதும் பெரியப்பா கேட்டார்: “அப்ப அவுக அம்மா இருந்தாகளா?”

“இருந்தாங்க பெரியப்பா. நம்ம கோயமுத்தூர் போத்தனூர்ல பிறந்தவங்க. தற்கொலைன்னு தீர்ப்பு வந்தும், கைதவறி நடந்ததுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க.”

“அவுகளைக் காட்டவே இல்லையேடா” என்றார்.