தீபாவளிக்கு எடுத்து வைத்த தர்மக் காசை மார்கழிக்குத் தள்ளிப் போடுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கமுள்ள முதியோர் இல்லங்களிலும் குழந்தைகள் இல்லங்களிலும் போன் ஓயாது. "தீபாவளி அன்னிக்கு மதியச் சாப்பாடு நம்ம குடும்பத்தோடது சார்" என்பார்கள். அதே மதியத்துக்கு ஏற்கெனவே மூன்று குடும்பம் சொல்லி வைத்திருக்கும். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த வருஷம் வரமாட்டார்கள் என்ற பயத்தில் நிர்வாகியும் எல்லோருக்கும் சரி என்றுதான் சொல்வார். அன்றைக்கு மட்டும் நாலு அண்டா பிரியாணி, பத்துப் பெட்டி ஸ்வீட். சாப்பிட வேண்டியவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். காலை ஏழு மணிக்குத் தம் போட்ட பிரியாணி மதியம் இரண்டு மணிக்கு வந்து இறங்கும். ஐப்பசிப் புழுக்கத்தில் அதற்குள் அது என்ன ஆகியிருக்கும் என்பதைச் சமைக்கத் தெரிந்த யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். காவிரி டெல்டாவில் கொடுக்க நினைப்பவர்கள் தீபாவளி நாளில் கொடுக்காதீர்கள். அந்தக் காசைப் பிரித்துக் கார்த்திகைக்கும் மார்கழிக்கும், முடிந்தால் அதற்கு அப்பாலும் தள்ளி வையுங்கள். இரண்டே இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். போதும்.

நம் ஊரில் கஷ்டத்துக்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது. குறுவை அறுத்த கூலி தீபாவளித் துணியோடு கரைந்துவிடும். சம்பா நடவும் களையெடுப்பும் முடிந்தபின் வயலில் ஆளுக்கு வேலை இல்லை. அறுவடை தை, மாசியில்தான். அதிலும் இப்போது மெஷின் இறங்கிவிடுவதால் கை அறுப்புக் கூலி சொற்பம். ஆக, கார்த்திகையும் மார்கழியும் வேலையில்லாத மாதங்கள். மகளிர் குழுக் கடன் தவணை மட்டும் வாரம் தவறாமல் வாசலுக்கு வந்துவிடும். கடற்கரையிலும் அதே கதை. புயல் எச்சரிக்கைக் கொடி ஏறினால் படகு கரையில்தான்.

பேரிடர்களும் பெரும்பாலும் பண்டிகை முடிந்த பிறகுதான் வந்திருக்கின்றன. 2018இல் தீபாவளி நவம்பர் 6. கஜா புயல் கரையைக் கடந்தது நவம்பர் 16, பத்தே நாளில். நிஷா புயல் 2008 நவம்பர் கடைசி. சுனாமி 2004 டிசம்பர் 26, மார்கழி. கையில் இருந்ததையெல்லாம் பண்டிகையன்றே கொடுத்து முடித்தவருக்கு அப்போது மறுபடி கை நீட்டுவது சிரமம்.

இல்லங்களின் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மதியம் சத்துணவு இருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் காலை உணவும் உண்டு. எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குமான அந்தத் திட்டத்தின் விரிவாக்கமே 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில்தான் தொடங்கியது. ஆனால் அரையாண்டு விடுமுறை வந்தால் மூன்று வேளையும் இல்லத்து அடுப்புதான். மழை லீவு விட்டாலும் அப்படித்தான். டிசம்பர் கடைசி வாரம்தான் அந்தச் சமையலறைக்கு நெருக்கடியான வாரம். அந்த வாரத்துக்கென்று கேட்டு வரும் போன்தான் குறைவு.

சரி, என்ன கொடுப்பது? முதல் வேலை கேட்பது. "என்ன வேணும்" என்று கேட்காதீர்கள், கூச்சத்தில் "நீங்க எது கொடுத்தாலும் சரிங்க" என்பார்கள். "போன மாசம் எதுக்குக் கடன் வெச்சீங்க" என்று கேளுங்கள். உண்மை வெளியே வரும். மின்கட்டணம், 19 கிலோ சிலிண்டர், மளிகைக் கடைப் பாக்கி, இரவுப் பணி ஆயாவின் சம்பளம். எதுவும் போட்டோவுக்கு அழகாக இருக்காது.

அரிசியில் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 350 கிராம் என்று வைத்தால் 40 பேருக்கு 14 கிலோ, மாதத்துக்கு 420 கிலோ. 25 கிலோ சிப்பத்தில் ஏறக்குறைய 17. நீங்கள் நல்ல மனதோடு 40 சிப்பத்தை ஒரே நாளில் இறக்கினால் இரண்டு மாதத்துக்கு மேல் கிடக்கும். அடைமழைக் காலத்து ஈரத்தில் வண்டு வைத்துவிடும். கடையில் பணத்தைக் கட்டிவிட்டு, மாதம் எட்டுச் சிப்பம் என்று அனுப்பச் சொல்லலாம். பெரும்பாலான மொத்தக் கடைக்காரர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள். தை அறுவடை முடிந்ததும் சொந்த நெல்லைக் கொடுக்கிற மிராசுகளுக்கும் ஒரு வார்த்தை: புது நெல் அரிசி அண்டாவில் குழைந்து கஞ்சியாகிவிடும். ஆறு மாதமாவது பழகிய நெல்லாகக் கொடுங்கள். மூட்டையாகக் கொடுத்துவிட்டு அரவைக் கூலியை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். 60 கிலோ மூட்டையை அரைத்தால் 36 முதல் 40 கிலோ அரிசிதான் தேறும், போக்குவரத்தும் சேர்ந்தால் அந்தத் தர்மத்தில் அவர்களுக்கு மிஞ்சுவது குறைவு.

முதியோர் இல்லத்துக்கு நான் முதலில் சொல்வது டயாப்பர். படுக்கையில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு மூன்று. ஆறு பேர் படுக்கையில் என்றால் மாதம் 540, பத்து அடங்கிய பாக்கெட்டில் 54. வாங்குகிறவர்கள் பேன்ட் மாதிரிப் போடும் வகையை வாங்கி வந்துவிடுகிறார்கள். எழுந்து நிற்க முடியாதவருக்கு அதை மாட்ட இரண்டு ஆள் வேண்டும். பக்கவாட்டில் ஒட்டுகிற வகைதான் அவர்களுக்குச் சரி. அளவையும் கேட்டு வாங்குங்கள்: பெரிதாக இருந்தால் ஒழுகும், சிறிதாக இருந்தால் தொடை இடுக்கில் புண். கூடவே ரப்பர் ஷீட், டெட்டால், கையுறை, படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை. மெத்தை தந்தால் அதன் மோட்டார் பழுதானால் யார் பார்ப்பது என்பதையும் பேசிவிடுங்கள். மோட்டார் போன காற்று மெத்தை வெறும் பிளாஸ்டிக் விரிப்பு.

பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை விடலாம். பாடநூல், நோட்டு, சீருடை, செருப்பு, பை, கணித உபகரணப் பெட்டி வரை அரசுப் பள்ளியில் கொடுக்கிறார்கள். இல்லங்களின் பீரோவைத் திறந்தால் போன வருஷத்து நோட்டே அட்டை பிரிக்காமல் இருக்கும். இல்லாதது உள்ளாடை, குடை, போர்வை, பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், பத்தாவது பன்னிரண்டாவது படிப்பவர்களுக்கு மாலை டியூஷன் ஆசிரியர் சம்பளம். தீபாவளித் துணி எடுத்துத்தான் தருவேன் என்றால் வயதைச் சொல்லி மொத்தமாக ஒரே டிசைனில் எடுக்காதீர்கள். கடையில் தொகையைக் கட்டிவிட்டு, இல்லத்தார் கூட்டிப் போய்ப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ள விடுங்கள். முப்பது பிள்ளை ஒரே நிறச் சட்டையில் தெருவில் நடந்தால் அது இன்னொரு சீருடைதான்.

இனி எந்த இடம் என்ற கேள்வி. பெயர்ப் பலகையை விடுங்கள், காகிதத்தைப் பாருங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் சிறார் நீதிச் சட்டம் 2015இன் 41ஆம் பிரிவில் பதிவு கட்டாயம். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், முடிவு தேதியையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் சொல்வார்கள். பதிவில்லாமல் பிள்ளைகளை வைத்திருப்பது குற்றம். அங்கே கொடுப்பது அந்தக் குற்றத்துக்குக் கொடுக்கும் செலவு. "நாங்க பத்து வருஷமா நடத்துறோம், பதிவு ப்ராசஸ்ல இருக்கு" என்பவர்களிடம் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

நேரில் போவதென்றால் பண்டிகை இல்லாத ஒரு வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். வரவேற்பறையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கழிப்பறையையும் ஸ்டோர் ரூமையும் பாருங்கள். கழிப்பறையில் பிடித்து நடக்கக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா. ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: "ராத்திரி பத்து மணிக்கு மேல எத்தனை பேர் டூட்டி?" நாற்பது முதியவர்களுக்கு இரவில் ஒரே ஒரு ஆயா என்றால் ஸ்வீட் பெட்டியை ஒதுக்கிவிட்டு இரண்டாவது ஆயாவின் சம்பளத்தில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தைகள் இல்லத்தில் உங்களைப் பிள்ளைகளோடு தனியாகப் பழக விடவில்லை என்றால் கோபப்படாதீர்கள். முன்பின் தெரியாதவரை உள்ளே விடாத இடம்தான் நல்ல இடம்.

தணிக்கை செய்த வரவு செலவு கேளுங்கள். நிறைய பேர் "சம்பளத்துக்கு எவ்வளவு போகுது" என்று பார்த்துவிட்டு, அது அதிகம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு நேர்மாறான எண்ணம். ஆளைப் பராமரிக்கிற இடத்தில் சம்பளம்தான் சேவை. நிர்வாகச் செலவே இல்லை என்று பெருமை பேசும் நோட்டீஸைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதை இடையர் பொறுப்பில் விட்டு, அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். எவ்வளவு, யார் பொறுப்பு, எத்தனை நாளைக்கு என்ற மூன்றும் கல்லில் வெட்டியிருக்கிறது. மராட்டியர் காலத்து ஒரத்தநாடு சத்திரமும் மற்றச் சத்திரங்களும் நடந்தது நிலத்து வருமானத்தில், ஒரு நாள் அண்டாச் சோற்றில் இல்லை. நம் சக்திக்கு மாதம் 500 ரூபாய் தானாகவே போகும்படி வங்கியில் நிலையாணை போடுவதும் அதே கணக்குத்தான். 6,000 ரூபாயை ஒரே நாளில் விருந்தாகப் போடுவதைவிட, மாதம் 500 வரும் என்று தெரிந்தால் நிர்வாகி அதை நம்பி ஒரு செலவைத் திட்டமிடலாம்.

பணம் அனுப்பும்போது க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். அறக்கட்டளைப் பெயர் வரவேண்டும். தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆபரேஷன் உதவிக் கோரிக்கைகளில் இது இன்னும் முக்கியம். மருத்துவமனைக்கே போன் செய்து, உள்நோயாளி எண்ணைச் சொல்லிச் சரிபார்த்து, மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டலாம். அதற்கும் முன்னால், அந்தக் குடும்பம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை வாங்க ஒரு நாள் கூட அலைந்து கொடுப்பது, நீங்கள் தரும் 2,000 ரூபாயைவிடப் பெரிய உதவி.

வரிச் சலுகை பற்றிச் சுருக்கமாக. நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று நாம் பழகிய சலுகை பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ, அரிசி துணியாகக் கொடுத்தாலோ கிடையாது. ரசீது மட்டும் போதாது, அந்த நிறுவனம் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணோடு பதிவேற்றி எடுத்துத் தரும் சான்றிதழ் வேண்டும். கொடுக்கும் அன்றே பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள், மே மாதம் தேடி ஓட வேண்டாம்.

புயல் வந்தால் என்ன செய்வது என்பதற்கு இங்கே பாடம் நிறைய. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி மலையாகக் குவிந்து மழையில் நாறியது. பழைய துணியை அனுப்பவே அனுப்பாதீர்கள். கஜாவில் லாரிகள் மெயின் ரோட்டு ஊர்களிலேயே காலியாகிவிட்டன. மரம் விழுந்து வழி அடைந்த உள்கிராமங்களுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. வண்டி கிளம்பும் முன் தாலுகா அலுவலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ எந்த ஊர் விடுபட்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் வேண்டியது தார்ப்பாய், பாய், புது நைட்டி, லுங்கி, நாப்கின், மெழுகுவத்தி, கொசுவத்தி. தார்ப்பாயில் கனம் பாருங்கள். 200 ஜிஎஸ்எம்முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு, குறைவான தார்ப்பாய் அடுத்த காற்றிலேயே கிழியும். ஓரத்தில் கயிறு கட்ட வளையம் இல்லாததும் பயனில்லை. கயிற்றையும் சேர்த்தே அனுப்புங்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

காசே இல்லாதவர்களுக்கும் இந்த மாதங்களில் வேலை உண்டு. மழையோடு டெங்குவும் வரும், ரத்தத் தட்டணுக்களின் (பிளேட்லெட்) தேவை கூடும். அதை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பண்டிகை லீவில் ரத்தம் கொடுப்பவர்கள் குறைந்துவிடுவார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எதிலாவது போன் செய்து, எப்போது வரட்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். 18 வயது முடிந்து, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை.

போட்டோ விஷயம். இல்லத்துப் பிள்ளைகளோடு நின்று எடுத்த படத்தை வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போடாதீர்கள். பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது, தண்டனையும் உண்டு. நாளைக்கு அந்தப் பிள்ளை காலேஜில் சேர்ந்தபின் வகுப்பில் எவனாவது அந்தப் படத்தைத் தேடி எடுப்பான்.

கடைசியாக, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருந்து அனுப்பும் நம் ஊர்க்காரர்களுக்கு. இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக இங்குள்ள அறக்கட்டளைக்கு அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) கையில் இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடை. வாங்கும் நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவு இருக்க வேண்டும், பணமும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள அவர்களது கணக்கில்தான் இறங்க வேண்டும். உள்ளூர்க் கணக்கு எண்ணை வாங்கி நேராகப் போட்டுவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள் இல்லை, அந்தச் சின்ன இல்லம். அனுப்பும் முன் எஃப்சிஆர்ஏ எண்ணைக் கேளுங்கள். இல்லை என்றால், அந்தப் பதிவு உள்ள வேறு இல்லத்தைத் தேடுங்கள். உங்கள் பணத்தை வீட்டார் கை வழியாகச் சுற்றிக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான்.