சடோஷி பெயரில் சுற்றும் ‘5,000 ரூபாய் பங்கு’ ஃபார்வர்டு: உண்மை என்ன?

பாளையங்கோட்டை, அம்பை, தென்காசி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ யாரென்று லண்டன் கோர்ட்டே சொல்லிவிட்டது. முதல் பிளாக் காயின்களை அவர் பிரித்துத் தருகிறார். 5,000 ரூபாய் கட்டினால் பங்கு.’ இது பொய்.

லண்டன் உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது நேர்மாறானது: தானே சடோஷி என்று சொல்லிவந்த கிரெய்க் ரைட், சடோஷி அல்ல. உண்மையில் சடோஷி யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. 2008 அக்டோபர் 31-இல் அந்தப் பெயரில் பிட்காயினை விளக்கும் 9 பக்கக் கட்டுரை வந்தது. 2011-க்குப் பிறகு அவரிடமிருந்து நம்பத்தக்க தகவல் ஏதுமில்லை.

பிளாக் என்பது பிட்காயின் பரிவர்த்தனைகளைப் பதியும் தொகுப்பு. முதல் பிளாக் 2009 ஜனவரி 3 தேதியிட்டது. அதில் பிறந்த 50 காயினை சடோஷியே வந்தாலும் செலவழிக்க முடியாது. அவற்றை உருவாக்கிய பரிவர்த்தனையை, செலவழிக்கத்தக்க காயின்களின் பதிவேட்டில் பிட்காயின் மென்பொருள் ஏற்றவே இல்லை. எடுக்க முயன்றால் நெட்வொர்க் தள்ளிவிடும். நீங்களே பார்க்கலாம்: ஏதாவது பிளாக் எக்ஸ்புளோரரில் (பிட்காயின் பதிவுகளை யாரும் பார்க்கக்கூடிய இணையதளம்) முதல் பிளாக்கின் எண்ணான 0 என்று தேடுங்கள். அந்த 50 காயின் சேர்ந்த முகவரியில் (கணக்கு எண் போன்றது) 50-க்கு மேல் இருப்பு தெரியும். கணக்கு புழங்குகிறது என்று எண்ணிவிடாதீர்கள். காணிக்கை போலப் பலர் அனுப்பிய காசு அது.

தெரிந்த அண்ணாச்சியே அனுப்பியிருந்தாலும் தயவுசெய்து இதை ஃபார்வர்டு செய்யாதீர்கள். அவருக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். பணம் கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.