பாஸ் மார்க் கேட்காம ஜிபிஏ (4-க்கு எவ்வளவுன்னு சொல்ற சராசரி மதிப்பெண்) மட்டும் கேட்கிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே!

எட்டாவது வரைக்கும் நூறுக்கு மார்க் போடுற பள்ளி. ஒன்பதும் பத்தும் 20-க்கு மார்க் போடுற பிரெஞ்சுப் பள்ளி. கடைசி ரெண்டு வருஷம் ஐபி-ங்கிற சர்வதேசப் பாடத்திட்டம், ஆறு பாடத்துக்குத் தலா 7, அதுக்கு மேல ஒரு 3, மொத்தம் 45. இப்படிப் படிச்ச பிள்ளைகிட்ட அப்ளிகேஷன் போர்ட்டல் கேட்கிற கேள்வி: "4-க்கு உங்க ஜிபிஏ எவ்வளவு?" எங்க இருந்துங்க வரும்?

பிரான்ஸ்ல 20-க்கு 16 வாங்கினா 'மிக நன்று'. அதையே அஞ்சால பெருக்கி 80-ன்னு எழுதினா சுமாரான பிள்ளை ஆயிடும். ரஷ்யாவுல 5 உச்சம், ஜெர்மனியில 5-ன்னா ஃபெயில். இந்த லட்சணத்துல, இணையத்துல கிடைக்கிற கன்வெர்ட்டர்ல போட்டு வந்த எண்ணைத் தயவுசெஞ்சு எழுதாதீங்க. ஜிபிஏ கேட்கிற பெட்டியைக் காலியா விட வழி இருந்தா விடுங்க. அசல் மார்க்கையும், ஒவ்வொரு பள்ளியோட மதிப்பெண் அளவுகோலையும் சேர்த்து ஏத்துங்க. அந்த அளவுகோல் பெரும்பாலும் டிரான்ஸ்கிரிப்ட்டோட (பள்ளி தர்ற மதிப்பெண் பட்டியலோட) பின்பக்கத்துலதான் இருக்கும், ஸ்கேன் பண்றப்போ விட்டுப்போறதும் அந்தப் பக்கம்தான்.

வெளிநாட்டு மார்க்கைத் தங்க கிரேடா மாத்த ஜெர்மனி வச்சிருக்கிற சூத்திரமாவது வெளிப்படையா இருக்கு. உச்ச மார்க்ல இருந்து வாங்கின மார்க்கைக் கழிச்சு, அதை உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்து, 3-ஆல பெருக்கி, 1-ஐக் கூட்டணும். இதுல 1 தான் சிறந்த கிரேடு. ஆனா கூத்தைப் பாருங்க. 75 வாங்கின ரெண்டு பேர்ல, பாஸ் மார்க் 35 வச்ச பள்ளிப் பிள்ளைக்கு 2.15, பாஸ் மார்க் 50 வச்ச பள்ளிப் பிள்ளைக்கு 2.5. பாஸ் மார்க்கை உயர்த்தி வச்ச பள்ளியில படிச்சதுக்குத் தண்டனை! அதனால பாஸ் மார்க் எவ்வளவுன்னு பள்ளி லெட்டர்ஹெட்லயே எழுதி வாங்கி வச்சுக்கங்க. இல்லைன்னா பல்கலைக்கழகத்துக்காரங்களா ஒண்ணை வச்சுக் கணக்குப் போடுவாங்க.

ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கிற யூனி-அசிஸ்ட் வழியாப் போனா முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்துல அடுத்த ஒவ்வொண்ணுக்கும் 30. சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனத்துக்குத் தனிக் காசு. அங்கேயும் ஒரு குழி: விலை கம்மின்னு, பாட மார்க் எதுவும் இல்லாம வெறும் சான்றிதழ் அளவிலான அறிக்கையை வாங்கினா, பல்கலைக்கழகம் "பாடவாரியா வேணும்"னு திருப்பி அனுப்பும். எது வேணும்னு முதல்லயே கேட்டுக்கங்க.

மொழிபெயர்ப்பும் அப்போஸ்டிலும் (ஆவணம் அசல்னு அரசாங்கம் வைக்கிற முத்திரை) ரெண்டுமே கேட்டாங்கன்னா, பொதுவா அப்போஸ்டில்தான் முதல்ல. மொழிபெயர்த்த பிறகு முத்திரை வாங்கினா, அந்த முத்திரை மொழிபெயர்ப்புல இருக்காது, மறுபடியும் காசு. பள்ளி மதிப்பெண் பட்டியலைப் போட்டு சீல் வச்சுக் கொடுத்த கவரைப் "பார்க்கலாமே"ன்னு பிரிச்சா அதுவும் போச்சு. பிள்ளை முன்னாடி படிச்ச பள்ளி அந்தப் பட்டியலை இலவச மெயில் முகவரியில இருந்து அனுப்பினா அதிகாரபூர்வமில்லைன்னு ஒதுக்குற இடங்களும் உண்டு. பள்ளியையே மூடிட்டாங்களா? தேர்வு வாரியத்தையோ கல்வித் துறையையோதான் பிடிக்கணும், அதுக்கு மாசக்கணக்கு ஆகலாம். டெட்லைன் மட்டும் நகராது.

பல்கலைக்கழகங்களே, சந்தேகம் கேட்டு உங்களுக்கு மெயில் போட்டா "இணையதளத்தைப் பார்க்கவும்"னு பதில். பார்த்தாச்சுங்க. ஒரு பக்கத்துல "மார்க்கை மாற்றி எழுதுங்கள்", இன்னொரு பக்கத்துல "மாற்றி எழுதாதீர்கள்". ரெண்டையும் போட்டது நீங்கதானே?