நேற்று வந்திருக்க வேண்டுமாம்!

"நேத்து வந்திருக்கணும் தம்பி. நேத்து பட்டையைக் கிளப்பிச்சு!"

மீன் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் பிறக்கும்போதே இந்த வசனத்தை மனப்பாடம் செய்துவைத்து அனுப்புகிறார்கள் போல. ஆற்றில் தொடை வரை இறங்கி, மூக்கு ஒழுக, விரல் விறைக்க நிற்கிற ஒருத்தனைப் பார்த்து எந்தக் கூச்சமும் இல்லாமல் இதைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். நேற்று தண்ணீர் தெளிந்து ஓடியது. நேற்று காற்றே இல்லை. நேற்று மீன்கள் வரிசையில் நின்று வாயைத் திறந்தன. நான் வந்த இன்றைக்குத்தான் எல்லாவற்றுக்கும் விடுமுறை. நேற்று வந்தவனிடம் "முந்தாநாள் வந்திருக்கணும்" என்று சொல்லியிருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன்.

வசந்தத்தின் தொடக்கம் என்று கேட்கத்தான் நன்றாக இருக்கிறது. தண்ணீருக்குள் நிற்கிறவனுக்கு அது குளிர்காலத்தின் பாக்கி. நான் பிடிக்க வந்த ட்ரவுட் மீன் குளிர்ரத்த ஜீவன். தண்ணீர் நாலைந்து டிகிரியில் கிடக்கும்போது அது ஆழமான, ஓட்டம் குறைந்த பள்ளமாகப் பார்த்து அடித்தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். வாய்க்கு நேரே வந்தால் போனால் போகிறது என்று விழுங்கும். அரை அடி தள்ளிப் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. தண்ணீர் 10 டிகிரியை நெருங்கினால்தான் ஐயா எழுந்து சோம்பல் முறிப்பார்.

சரி, வெயில் அடித்தால் தண்ணீர் சூடேறுமே என்பீர்கள். ஏறும். கூடவே மேலே மலையில் பனியும் உருகும். உருகிய பனி நேராக ஆற்றில் இறங்கி, ஏறின சூட்டையும் இறக்கி, தண்ணீரைக் கலக்கி, மட்டத்தையும் உயர்த்திவிட்டுத்தான் ஓயும். வெயில் அடித்தால் இந்தக் கதி, அடிக்காவிட்டால் தண்ணீர் சூடேறாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறதாம். மேகம் மூடிய நாளில், மதியத்துக்கு மேல், ஏதோ ஒரு மணி நேரம். அப்போதுதான் புளூ விங்ட் ஆலிவ் என்கிற பொடி மேஃப்ளைப் பூச்சி கூட்டமாகப் புறப்பட்டு மேலே வரும், மீனும் அதன் பின்னாலேயே வரும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இந்த மொத்தக் கூத்தும்.

ஆனால் நமக்குச் சொல்லித்தருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? "விடியற்காலையில் போங்கள், அப்போதுதான் மீன் கடிக்கும்." கோடைக்கால அறிவுரையை எல்லாக் காலத்துக்கும் பொதுவாக அவிழ்த்துவிடுவது. வசந்தத்தில் விடியற்காலையில் போனால் தூண்டில் கோலின் வளையங்களில் ஐஸ் கட்டும். லைன், அதாவது தூண்டில் கயிறு, போகாது. கோலைத் தண்ணீரில் முக்கி ஐஸைக் கரைத்து, ஒரு வீச்சு வீசி, திரும்ப முக்கு. வளையங்களில் உதட்டுக்குப் பூசுகிற பாம் தடவினால் ஐஸ் கட்டாது என்று ஒரு யோசனை வேறு சொல்கிறார்கள். என் உதடு வெடித்துக் கிடக்கிறது, கோலுக்கு அலங்காரம்!

அப்புறம் இந்த எண்கள். இவற்றை வகுத்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் இருந்திருக்க வேண்டும். கோலுக்கு எண் கூடினால் அது தாங்கும் லைனின் எடை கூடும்: 5-ஐவிட 8 பெரிது. நியாயம். தூண்டில் முள்ளுக்கு எண் கூடினால் அளவு குறையும்: 12-ஐவிட 20 சின்னது. சரி, தலைகீழ், பழகிக்கொள்ளலாம். ஆனால் 1-க்கு வந்ததும் ஒரு பூஜ்யத்தைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு 1/0, 2/0 என்று மறுபடி மேல்நோக்கி வளர ஆரம்பிக்கும். நுனியில் கட்டுகிற மெல்லிய நரம்புக்கு, அதாவது டிப்பெட்டுக்கு, 5எக்ஸ், 6எக்ஸ் என்று தனிக் கணக்கு. எக்ஸ் கூடக்கூட நரம்பு மெலியும். அதன் தடிமன் தெரிய வேண்டுமானால் எக்ஸ் எண்ணை 11-இலிருந்து கழிக்க வேண்டும், வருவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 6எக்ஸ் என்றால் 0.005 அங்குலம், சுமார் 0.13 மில்லிமீட்டர். மீன் பிடிக்கப் போகிறவனுக்கு எதற்கய்யா நுழைவுத்தேர்வு?

வீச்சைப் பற்றி என்ன சொல்ல! கோலைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டு 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் மட்டும் ஆட்டு. மணிக்கட்டை மடக்காதே. பின்னால் போன லைன் முழுசாக நீளும் வரை பொறு, பிறகு முன்னால் தள்ளு. லைன் நீளமானால் இன்னும் கொஞ்சம் பொறு. அவசரப்பட்டால் சாட்டை மாதிரி 'பட்' என்று சத்தம் கேட்கும், அதோடு ஃப்ளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி, அறுந்து போயிருக்கும். புல்தரையில், முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டிப் பழகு என்கிறார்கள். புல்தரையில் எல்லோரும் வீரர்கள்தான். புல்தரை ஓடுவதில்லை. புல்தரையில் எதிர்க்காற்று வந்து லைனின் நடுவில் தானாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுப் போவதில்லை. அந்த முடிச்சு விழுந்த இடத்தில் நரம்பின் பலம் பாதியாகிவிடும், கடிக்கிற மீன் சரியாக அங்கேதான் அறுக்கும்.

மாசிடோனியாவில் ஓர் ஆற்றங்கரையில் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் சுற்றி மீன் பிடித்தார்கள் என்று ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கோல் ஆறு அடி, நூலும் ஆறு அடி. அவ்வளவுதான். 10 மணியும் கிடையாது, 2 மணியும் கிடையாது, நீட்டினார்கள், பிடித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். அதை 9 அடிக் கோலாகவும் 90 அடி லைனாகவும் ஆக்கிய புண்ணியவான் என் கையில் கிடைத்தால் இந்த ஏப்ரல் காற்றில் ஒரு மணி நேரம் நிற்க வைப்பேன், வேறொன்றும் செய்ய மாட்டேன்.

இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு வருகிறேன். வந்தது. நிஜமாகவே வந்தது. மேகம் மூடி, லேசாகத் தூறி, தண்ணீரின்மேல் சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிப் பாய்மரங்களாகப் பூச்சிகள் மிதந்து வந்தன. எதிர்க்கரையை ஒட்டி, வேகமான நீரும் மெதுவான நீரும் உரசுகிற கோட்டில், 'புளக்'. ஒரு வட்டம். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் 'புளக்'.

வீசினேன். பின்னால் போன லைன் திரும்பவில்லை. வசந்தத்தில் மரங்களுக்கு இலை கிடையாது, கவனித்திருப்பீர்கள். இலை இருந்தால் அங்கே மரம் இருக்கிறது என்று தெரியும். இலை இல்லாத குச்சி, சாம்பல் வானத்துக்கு முன்னால், கண்ணுக்கே தெரியாது. ஃப்ளைக்கு மட்டும் தெரிந்துவிடும். இழுத்தேன், டிப்பெட் அறுந்தது. மேலே போன வருடத்து ஆசாமிகள் யார் யாரோ விட்டுப்போன ஃப்ளைகளும் தொங்கிக்கொண்டிருந்தன, என்னுடையதும் போய்ச் சேர்ந்துகொண்டது.

'புளக்'.

கோலை அக்குளில் இடுக்கினேன். பெட்டியைத் திறந்தேன். 20-ஆம் எண் ஃப்ளை ஒன்றை எடுக்கப் போனால் விரலில் உணர்ச்சியே இல்லை. எடுத்துவிட்டேனா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எடுத்திருந்தேன். டிப்பெட் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளின் கண்ணில், அதாவது நரம்பு கோக்கிற ஓட்டையில், நுழைத்தேன். போகவில்லை. திரும்ப. போகவில்லை. வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் கண்ணே அடைத்துக் கிடக்கிறது! ஃப்ளை கட்டிய மகானுபாவர் தலையில் வார்னிஷ் பூசும்போது தாராளமாகக் கண்ணுக்குள்ளும் ஒரு சொட்டு விட்டிருக்கிறார். இறகை எண்ணி எண்ணிக் கட்டத் தெரிகிறது, ஓட்டையைத் திறந்து வைக்கத் தெரியவில்லை.

'புளக்'.

இன்னொரு முள்ளின் முனையால் குத்தி வார்னிஷை உடைத்தேன். கூடவே கட்டைவிரலையும். வலிக்கவில்லை, அதுதான் விறைத்திருக்கிறதே. டிப்பெட் போனது! ஆகா என்று இழுத்துப் பார்த்தால் அது கண்ணுக்குள் போகவில்லை, முள்ளின் வளைவுக்குள் போயிருக்கிறது. வெளியே எடுத்து, நுனி சிலும்பிவிட்டதால் வெட்டி, மறுபடி நனைத்து, மறுபடி. இந்த முறை கண்ணுக்குள்தான். அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்த்தது. அதைப் பிடிக்க விரலை மாற்றினேன். காற்று ஒரு தட்டுத் தட்டியது. வெளியே வந்துவிட்டது.

'புளக்'. பக்கத்தில் இன்னொன்று, 'புளக்'. இப்போது இரண்டு பேர். விருந்தாளியை அழைத்திருக்கிறது.

எப்படியோ நுழைத்தாயிற்று. ஐந்து சுற்றுச் சுற்று, நுனியைக் கண்ணுக்குப் பக்கத்து வளையத்தில் விடு, அதையே திருப்பிப் பெரிய வளையத்தில் விடு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்கு. கிளின்ச் முடிச்சு. சூடான அறையில் நாற்காலியில் உட்கார்ந்து தடித்த கயிற்றில் போட்டுக் காட்டுகிற முடிச்சு. இறுக்கினேன். நழுவியது. நுனி பன்றிவால் மாதிரி சுருண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி முதலிலிருந்து, மறுபடி அதே கண், அதே காற்று. கட்டி முடித்து, இழுத்துப் பார்த்து, நிற்கிறது என்று உறுதி செய்துகொண்டு கோலைத் தூக்கினால், லீடர், அதாவது லைனையும் டிப்பெட்டையும் இணைக்கிற நரம்பு, கோல் நுனியில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அதையும் பிரித்தேன். வீசினேன். இறகு மாதிரி இறங்கியது. இதற்குக் கைதட்ட ஒரு ஆளில்லை, அது போகட்டும். ஆனால் நடு ஆற்றில் ஓட்டம் வேகம், கரையோரம் மெதுவு. வேகமான நீர் லைனை இழுக்க, லைன் ஃப்ளையை இழுக்க, ஃப்ளை மோட்டார் படகு மாதிரி கோடு கிழித்துக்கொண்டு போனது. எந்தப் பூச்சியய்யா அப்படி ஓடும்? லைனைத் தூக்கி மேலோட்டப் பக்கம் புரட்டிப் போட்டால் சரியாகுமாம். போட்டேன். ஃப்ளையும் சேர்ந்து புரண்டு வந்தது. அடுத்த வீச்சில் எல்லாம் ஒழுங்காக அமைந்து, என் ஃப்ளை தானாக மிதந்து, சரியாக அந்த மீனின் தலைக்கு மேல் போனது. மீன் எழுந்தது. என் ஃப்ளையின் பக்கத்தில் ஓர் அங்குலத்தில் மிதந்த நிஜப் பூச்சியைச் சாப்பிட்டது. போனது.

அப்போதுதான் தெரிந்தது, மூக்கு வெளியே வரவில்லை, முதுகுதான் வருகிறது. அதாவது மேலே மிதக்கிற பூச்சி துரைக்குப் பிடிக்காது. தண்ணீர்த்தோலுக்குச் சற்றே கீழே, கூட்டைவிட்டு வெளியே வரத் தவிக்கிற பூச்சிதான் வேண்டும். எமர்ஜர் என்று அதற்குத் தனி ஃப்ளை. என்னிடம் இருந்தது. 22-ஆம் எண்.

22!

மறுபடி பெட்டி, மறுபடி நுனி, மறுபடி கண். அதைச் சொல்லி உங்களை வதைக்கவில்லை. கட்டி முடித்து நிமிர்ந்தபோது தூறல் நின்றிருந்தது, மேகம் விலகி நல்ல வெயில், பூச்சி ஒன்றுகூட இல்லை, தண்ணீரில் ஒரு வட்டம்கூட இல்லை. வெயிலாம் வெயில். காலையிலிருந்து எங்கே போயிருந்தாய்?

இதைச் சொன்னால் "இது பொறுமைக்கான விளையாட்டு" என்று கண்ணை மூடிக்கொண்டு தத்துவம் பேச நாலு பேர் வருவார்கள். கொக்கைக் காட்டுவார்கள். கொக்கு நிற்கும்தான், ஏன் நிற்காது? அதற்கு அலகு முகத்திலேயே இருக்கிறது. 22-ஆம் எண் கண்ணில் 6எக்ஸ் கோக்கச் சொல்லிப் பாருங்கள், கொக்கு அன்றைக்கே சைவமாகிவிடும். மற்றபடி சரளையில் துடைத்துவிட்ட மாதிரி வெளுத்த திட்டு தெரிந்தால் மிதிக்காதே, ரெயின்போ ட்ரவுட் வசந்தத்தில் அங்கேதான் முட்டையிடும் என்கிறார்கள். அதில் எனக்குச் சண்டையே இல்லை, சுற்றிக்கொண்டுதான் நடந்தேன். இருந்த ஒரே உருப்படியான அறிவுரை அது. மீனுக்கு நல்லது செய்கிற அறிவுரை மட்டும் பலிக்கிறது.

கையுறை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். போட்டிருந்தேன். மீன்பிடிக் கையுறை. உள்ளங்கைக்கு, புறங்கைக்கு, மணிக்கட்டுக்கு எல்லாம் கதகதப்பாக இருக்கும். விரல் நுனிக்கு மட்டும் துணி கிடையாது. உடம்பில் குளிர்கிற ஒரே இடம் அதுதான்!

சரி, ஒழியட்டும், கிளம்புகிறேன் என்று வீட்டில் சொல்ல போனை எடுத்தேன். விரலை வைத்தேன். "கைரேகை பொருந்தவில்லை." துடைத்துவிட்டு வைத்தேன். "பொருந்தவில்லை." ஊதி ஊதிச் சூடாக்கி வைத்தேன். "அதிக முறை முயன்றுவிட்டீர்கள், கடவுச்சொல்லை உள்ளிடவும்." முகத்தைக் காட்டலாம் என்றால் கழுத்துத்துணி மூக்கு வரை ஏறியிருக்கிறது, அதை இறக்கினாலும் அந்த நேரத்து முகம் எனக்கே அடையாளம் தெரியாது. கடவுச்சொல்லை அடித்தேன். ஈர விரலுக்கு 4-ஐத் தொட்டால் 7 விழுகிறது. நானே இல்லை என்று என்னிடமே சாதித்த அந்தப் போன், திறந்ததும் முதல் வேலையாக என்ன கேட்டது தெரியுமா? இன்றைய அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது.