வரி கட்டாதவர் என்று இந்த நாட்டில் யாரும் இல்லை

நேற்றிலிருந்து சமூக ஊடகத்தில் ஒரு பதிவு எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். "வருமான வரி கட்டாதவங்களுக்கு ஓட்டு எதுக்கு? எங்க காசுல ஆயிரம் ரூபாய் வாங்கிட்டு ஓட்டுப் போடறாங்க" என்று எழுதியவர் எனக்குப் பல வருட நண்பர். அதனால்தான் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

வரி கட்டாதவர் என்று இந்த நாட்டில் யாரும் இல்லை. அந்த ஆயிரம் ரூபாயை, அதாவது அரசு தரும் மகளிர் உரிமைத் தொகையை, வாங்கும் பக்கத்து வீட்டு அக்கா கடையில் ஒரு சோப்பு வாங்கினால் ஜிஎஸ்டி, அதாவது சரக்கு மற்றும் சேவை வரி கட்டுகிறார். சோப்பு, பற்பசை, ஷாம்பு எல்லாவற்றுக்கும் 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம், இப்போது 5. கோடீஸ்வரர் அதே சோப்பை வாங்கினாலும் அதே வரிதான். தக்காளிக்கு ஜிஎஸ்டி இல்லையே என்பீர்கள். அதை ஏற்றி வந்த வண்டியின் டீசலுக்கு மத்திய அரசும் மாநில அரசும் போடும் வரி தக்காளி விலையில் வந்து சேர்ந்துவிடுகிறது. சம்பளக்காரருக்குச் சம்பளத்திலேயே வருமான வரி (டிடிஎஸ்) பிடித்தது சம்பளச் சீட்டில் தெரிகிறது, அதனால் வலிக்கிறது. அந்த அக்காவுக்குத் தெரிவதெல்லாம் பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருக்கும் "எல்லா வரிகளும் உட்பட" மட்டும்தான். தெரியாமல் கொடுத்தால் கொடுக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்று. 2025-26 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் வருமான வரியே இல்லை. மாதம் தொண்ணூறாயிரம் சம்பளம் வாங்குபவருக்கும் வரி பூஜ்யம்தான். நண்பரின் கணக்குப்படி அவருக்கும் ஓட்டு கிடையாது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, ஏன்? வரியும் சொத்தும் படிப்பும் பார்த்து ஓட்டுக் கொடுத்த காலம் நம் நாட்டில் இருந்தது, வெள்ளைக்காரன் ஆட்சியில். 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே அதைத் தூக்கிப் போட்டாயிற்று.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், என் அப்பாவைச் சொல்ல வேண்டும். வீட்டு வரி, தண்ணீர் வரி ரசீதுகளையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார். ஒரு வருடம்கூட பாக்கி வைத்ததில்லை. எங்கள் தெருச் சாக்கடை மழைக்கு மழை வீட்டுக்குள் வந்தபோது, போன வருஷம் ஒதுக்கிய பணம் என்ன ஆச்சு என்று ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டார். "நீ கட்டுற நூறு ரூபாய்க்குக் கணக்கு வேற காட்டணுமா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. நண்பர் எழுதியதும் அதே வாக்கியம்தான். குறைவாகக் கட்டுகிறவன் வாயைத் திறக்காதே என்பதுதான்.

"அப்போ இலவசத்தால மாநிலத்துக்குக் கடன் ஏறலையா?" என்று வருவீர்கள். ஏறுகிறது, பேசலாம். ஆனால் கடன் பற்றிய கவலை ஆயிரம் ரூபாயில் மட்டும் ஏன் பிறக்கிறது? 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22க்குக் குறைத்தபோது யார் ஓட்டைப் பறிக்கச் சொன்னீர்கள்? மத்திய அரசு செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 பைசா பழைய கடனுக்கு வட்டியாகப் போகிறது என்று பட்ஜெட்டிலேயே போட்டிருக்கிறார்கள். "என் வரிப்பணம்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறோம்? உங்கள் வருமான வரிக்கு மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் என்று ஒரு கூடுதல் வரி பிடிக்கிறார்களே, செஸ் பணத்தில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது, தெரியுமா? உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் காசில்லை என்று சொல்லும்போது அது ஞாபகம் வர வேண்டாமா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல் வந்தது. கிராம சபை இருக்கிறது. தணிக்கைத் துறை அறிக்கை சட்டமன்றத்திலேயே வைக்கப்படுகிறது. அங்கெல்லாம் போய்க் கேட்காத வாய், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பெண்ணைப் பார்த்ததும் திறந்துகொள்கிறது.

வருமான வரி கட்டுகிறவர்களின் வலி எனக்குப் புரியாமல் இல்லை. நானும் கட்டுகிறேன். ஸ்கூல் ஃபீஸும் ஆஸ்பத்திரிச் செலவும் கைக்காசில் போகும்போது எதற்குத்தான் வரி கட்டுகிறோம் என்று வயிறு எரியத்தான் செய்கிறது. அந்தக் கேள்வியை அரசாங்கத்திடம் கேளுங்கள், நானும் உங்களோடு வந்து நிற்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்காதீர்கள், அவரும் கட்டியவர்தான்.

மனசு விட்டுப்போனது எதில் என்றால், அந்தப் பதிவுக்கு லைக் போட்டவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊர்ப் பையன்கள். பீடி சுற்றியும் தறி ஓட்டியும் படிக்க வைத்த அம்மாக்களின் பிள்ளைகள். அந்த அம்மாக்கள் யாரும் வருமான வரி கட்டியதில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன். "வரி கட்டாதவங்க" என்று யாரையாவது எழுதினால் மட்டும் அந்தக் கமெண்ட்டை நீக்கிவிடுவேன்.