மோல் என்பது ஒரே சொல் அல்ல

"பகுதி மச்சம்."

கர்ப்பம் கலைந்த சில நாட்களில் என் சித்தி மகளுக்கு வந்த திசுப் பரிசோதனை அறிக்கையை ஒரு மொழிபெயர்ப்புச் செயலி இப்படித் தமிழாக்கியிருந்தது. மச்சம்தானே, பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் எதற்கும் பார்க்கட்டும் என்று எனக்கும் அனுப்பினார்கள். ஆங்கில மூலத்தில் இருந்த சொல் மோல் (mole). நம் மருத்துவர்கள் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்கிறார்களே, அது. நஞ்சுக்கொடித் திசு தாறுமாறாக வளர்ந்துவிடும் நிலை. கர்ப்பம் கலைந்தபின்னும் ஹார்மோன் அளவு இயல்புக்குத் திரும்பும்வரை ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோலில் இருக்கும் மச்சத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அன்றிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. "ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு, மனப்பாடம் செய்துகொள்" என்றுதான் நமக்கு ஆங்கிலம் கற்றுத் தருகிறார்கள். அந்த வாக்கியமே தவறு என்று நினைக்கிறேன். மோல் ஒரு சொல் அல்ல. வெவ்வேறு ஊர்களில் பிறந்து, வெவ்வேறு வழிகளில் வந்து, ஒரே எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொண்ட பல சொற்கள்.

மச்சத்தைக் குறிக்கும் மோல் பழைய ஆங்கிலத்தின் 'மால்'. கறை என்று பொருள், முக்கியமாகத் துணியில் படியும் கறை. ஜெர்மன் மொழியில் பிறவி மச்சத்தை 'முட்டர்மால்' என்பார்கள், அதிலும் இதே மால் இருக்கிறது.

மண்ணைத் தோண்டும் அகழெலியின் பெயர் வேறு கிளை. டச்சு மொழியில் இன்றும் அது 'மோல்'தான். இந்தச் சொல் பரவுவதற்கு முன் ஆங்கிலேயர் அந்த விலங்கை 'மோல்ட்வார்ப்' என்றார்கள். மண்ணை எறிவது என்று பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்! ஓர் அமைப்புக்குள் புகுந்து ரகசியம் கடத்துபவரை மோல் என்பது இந்த விலங்கை வைத்துத்தான். 1622-இல் இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றியின் வரலாற்றை எழுதிய அறிஞர் பிரான்சிஸ் பேக்கன், அரசரைக் கவிழ்க்க மறைந்திருந்து சதி செய்தவர்களை அகழெலிகள் என்றே எழுதினார். ஆக, விலங்கும் உளவாளியும் மட்டும் ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள். இந்த இடத்தில் "பல பொருள்" என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

எனக்கு மிகப் பிடித்த கதை லத்தீனிலிருந்து வந்தது. 'மோலெஸ்' என்றால் பெரும் திரள், பேருரு. துறைமுகத்தில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் சுவரை மோல் என்பது அதனால்தான். இரண்டாம் உலகப்போரின்போது 1940-இல் பிரான்சின் டன்கிர்க் நகரிலிருந்து மீட்கப்பட்ட 338,226 வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் துறைமுகத்திலிருந்துதான் கப்பல் ஏறினார்கள், பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு சுவரின் மீது வரிசையாக நடந்து போய். கட்டியதை இடிப்பதற்கு ஆங்கிலத்தில் டெமாலிஷ் என்கிறோமே, அதற்குள்ளும் இதே மோலெஸ் ஒளிந்திருக்கிறது. அப்புறம் இந்தப் பேருருவுக்கு 'சின்ன' என்று பொருள்தரும் விகுதியை ஒட்டினார்கள். மாலிக்யூல் பிறந்தது, மூலக்கூறு. அதைச் சுருக்கித்தான் ஜெர்மன் வேதியியலர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மோல் என்ற அலகுப் பெயரைப் புழக்கத்தில் விட்டார். 2019 முதல் ஒரு மோல் என்பது மிகச் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். மலைபோன்ற திரளைக் குறித்த வேர், கண்ணுக்கே தெரியாத துகளுக்குப் பெயராகி, மறுபடி எண்ணி முடியாத எண்ணிக்கையில் வந்து நிற்கிறது. பள்ளியில் இதை ஒரே ஒருமுறை யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தைக் கண்டு நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மெக்சிகோவின் மோலே என்ற குழம்பு வகை அந்நாட்டுப் பழங்குடி மொழியான நாவாட்லின் 'மோல்லி' என்ற சொல்லிலிருந்து வந்தது. வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்யும் குவாக்கமோலேயின் வாலும் அதுவே. ஐரோப்பாவோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, எழுத்துக்கூட்டல் மட்டும் ஒன்று.

கடைசியாக அந்த அறிக்கையில் இருந்த மோல். லத்தீன் 'மோலா', திருகைக்கல். கருப்பைக்குள் உருவாகும் திரளுக்கு அந்தக் கல்லின் பெயரை வைத்தார்கள். உணவை அரைக்கும் கடைவாய்ப்பல்லை மோலார் என்பதும் அந்தத் திருகையால்தான்.

இது நமக்குப் புதிதல்ல. மச்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மீனைக் குறிக்கும் மச்சம் வடமொழியின் மத்ஸ்யம். உடலில் உள்ள மச்சத்துக்கோ தெலுங்கில் 'மச்ச', கன்னடத்தில் 'மச்செ' என்று உறவுகள் உண்டு. தொல்காப்பியமும் பல பொருள் ஒரு சொல்லை இரண்டாகப் பிரிக்கிறது: வரும் வினையைக் கொண்டு பொருள் விளங்குவது, அப்படி விளங்காதது. மா பூத்தது என்றால் மரம்தான். மா வீழ்ந்தது என்றால் மரமா, விலங்கா? அந்த இடத்தில் தெளிவாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே விதித்திருக்கிறார்கள். மருத்துவ அறிக்கையை மொழிபெயர்க்கும் செயலியிடம் இந்தக் குறைந்தபட்சக் கவனத்தை எதிர்பார்ப்பது நியாயம்தானே? நல்ல அகராதிகள் இப்படிப்பட்ட சொற்களை 1, 2, 3 என்று எண்ணிட்டுத் தனித்தனித் தலைச்சொல்லாகத்தான் வைக்கின்றன. வகுப்பறையில் அந்தச் சின்ன எண்ணைக் காட்டி, இது வேறு சொல், இது வேறு சொல் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

மறுநாளே தங்கையை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். முதலில் வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு மாதம் ஒன்று. அளவு இயல்புக்கு வந்துவிட்டது என்று கடைசி அறிக்கை வந்தபோது, செயலியைத் திறக்காமல் நேராக எனக்கு அனுப்பினாள்.